"சுவாமி வந்திட்டாரோ?": குருவானவர் வராத மரணப்படுக்கையில் கிறிஸ்தவ நம்பிக்கை

யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ ஒரு கத்தோலிக்க வீட்டில் வயதானவர் ஒருவருக்குக் கடைசி மூச்சு இழுக்கத் தொடங்கினால், அடுத்து என்ன நடக்கும் என்பது அயலுக்குச் சொல்லாமலே தெரியும். பெடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுவாமியாரின் அறைவீட்டுக்கு ஓடுவான். பெண்கள் மந்திரித்த மெழுகுதிரியைத் தேடி எடுத்துக் கொளுத்துவார்கள். சுவரில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை இறக்கி, படுத்திருப்பவரின் கைக்குள் வைப்பார்கள். ஒருவர் செபமாலையைத் தொடங்க, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். மகளோ பேத்தியோ காதருகே குனிந்து "இயேசு, மரி, சூசை" என்ற மூன்று பெயர்களையும் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சுவாமி வந்திட்டாரோ?"

அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்த காலங்கள் இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாற்றில் பல உண்டு. 1658 க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் குருவே இல்லை. போர்க்காலத்தில் குருக்களே காணாமற் போனார்கள். 2020 இல் கொவிட் சிகிச்சை விடுதிகளுக்குள் எவரும் போக முடியவில்லை. கடவுள் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையைக் கிறிஸ்தவர்கள் பல அடையாளங்களின் வழியாகப் பற்றிக்கொள்கிறார்கள். குரு, எண்ணெய், நற்கருணை, அடக்கச்சடங்கு, கல்லறை என்பன அவை. இவை எல்லாம் இல்லாமற் போன இடத்தில் அந்த நம்பிக்கை எதில் தங்கியது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

கடைசி வேளையின் அருட்சாதனங்கள்

கத்தோலிக்க மரபில் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மூன்று அருட்சாதனங்கள் வழங்கப்படுகின்றன. முதலாவது ஒப்புரவு, அதாவது பழைய வழக்கில் பாவசங்கீர்த்தனம். இரண்டாவது நோயில் பூசுதல். மூன்றாவது கடைசி முறையாக உட்கொள்ளும் நற்கருணை. இந்த நற்கருணைக்கு இலத்தீனில் "வியாற்றிக்கம்" என்று பெயர். பயணத்துக்கான கட்டுச்சோறு என்பது அதன் பொருள். ரோமர்கள் தூரப் பயணம் போகிறவருக்குக் கொடுத்தனுப்பும் உணவையும் பணத்தையும் குறித்த சாதாரணச் சொல் அது. திருச்சபை அதை மரணத்துக்கு எடுத்துக்கொண்டது. போகிறவர் வெறுங்கையுடன் போகக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

நோயில் பூசுதலுக்கு விவிலிய ஆதாரமாகக் காட்டப்படுவது யாக்கோபு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். நோயாளி திருச்சபையின் மூப்பரை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி இறைவேண்டல் செய்யட்டும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நமது மூத்தவர்கள் இதை "அவஸ்தைப் பூசுதல்" என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் மக்களை அச்சப்படவும் வைத்தது. சுவாமியார் எண்ணெய்ச் செப்போடு படலை திறந்தால் இனி ஆள் தப்பாது என்று பொருள்கொண்டார்கள். அதனாலேயே பல குடும்பங்கள் கடைசி நிமிடம்வரை குருவை அழைக்காமல் தாமதித்தன.

1972 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இந்த அருட்சாதனத்தின் முறையைத் திருத்தியமைத்தார். கண், காது, மூக்கு, வாய், கை என்று ஐம்புலன்களிலும் பூசிய பழைய முறை மாறி, நெற்றியிலும் கைகளிலும் பூசுவது வழக்கமானது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தவும் இடமளிக்கப்பட்டது. பாரதூரமான நோயோ முதுமைத் தளர்ச்சியோ தொடங்கும்போதே இதைப் பெற்றுக்கொள்ளலாம், சாகும் தறுவாய் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதும் தெளிவாக்கப்பட்டது. ஆனால் ஒன்று மாறவில்லை. பூசுதலை வழங்க ஒரு குருவோ ஆயரோ வேண்டும்.

ஐம்பத்து மூன்று தடவை ஒத்திகை

குரு வரமுடியாதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு 1551 இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஒரு பதிலை வைத்திருந்தது. தண்டனைக்குப் பயந்து அல்லாமல், கடவுள் மேல் கொண்ட அன்பினால் மட்டுமே ஒருவர் தன் பாவத்துக்காக மனம் வருந்தினால், வாய்ப்புக் கிடைத்தால் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற விருப்பமும் அதில் அடங்கியிருந்தால், அவர் அந்தக் கணமே கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறார் என்பது அதன் போதனை. தமிழ்க் கத்தோலிக்கர் இதை "உத்தம மனஸ்தாபம்" என்று அழைத்தார்கள். அதற்கென்று ஒரு செபமும் இருந்தது. பிள்ளைகள் சிறுவயதிலேயே அதை மனனம் செய்தார்கள். குரு இல்லாத இடத்திலும் ஒருவர் நிம்மதியாகச் சாக முடியும் என்பதற்கு உறுதி அந்த மனப்பாடத்தில்தான் இருந்தது.

செபமாலையும் அப்படித்தான். அருள்நிறை மரியே என்று தொடங்கும் மன்றாட்டின் இரண்டாம் பகுதி, இப்பொழுதும் சாகும் வேளையிலும் தங்களுக்காக வேண்டிக்கொள்ளுமாறு மரியாளிடம் கேட்கிறது. 1568 இல் வெளியான உரோமைச் செபப் புத்தகத்தில் இப்பகுதி இன்றைய வடிவத்தில் நிலைபெற்றது. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை என்று நாம் சொல்வதில் இந்த மன்றாட்டு ஐம்பத்து மூன்று தடவை வருகிறது. மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொல்லும் ஒரு வீட்டில், சாவு என்ற சொல் ஒருநாளில் ஐம்பத்து மூன்று தடவை உச்சரிக்கப்படுகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கு மரணம் அந்நியமான சொல்லாக இருக்காது.

சீர்திருத்தச் சபைகளின் வழி வேறு. மார்ட்டின் லூதர் 1519 இலேயே சாவுக்கு ஆயத்தப்படுவது பற்றிப் பிரசங்கம் ஒன்றை எழுதி வெளியிட்டார். மீட்பு முற்றிலும் கடவுளின் கிருபையால் வருவது, ஆகவே சாகிறவர் தன் பாவங்களையும் தகுதியின்மையையும் பார்த்துக் கலங்காமல் கிறிஸ்துவையே நோக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். அமெரிக்க மிஷன், மெதடிஸ்த, அங்கிலிக்கன் மரபுகளில் வந்த நம் குடும்பங்களில் மரணப்படுக்கை அருகே திருமறை வாசிப்பும் சங்கீதங்களும் பாடல்களும் முதன்மை பெறுவது இதனால்தான். வடிவம் வேறாக இருந்தாலும் இரண்டு மரபுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கடைசி நேரத்தில் வேண்டியதை மனம் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கவேண்டும்.

குரு இல்லாத முப்பது ஆண்டுகள்

1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அங்கேதான் பதியவேண்டியிருந்தது.

மக்கள் இரண்டு வாழ்க்கை வாழத் தொடங்கினார்கள். பகலில் பதிவுக்காக ஒல்லாந்தரின் கோயில், இரவில் வீட்டுக்குள் செபமாலை. செபத்தை முன்னின்று நடத்தியவர்கள் ஊர்ப் பெரியவர்களான மூப்பர்மார். அவசர வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி என்பதால், பிறப்பின் தேவையை அவர்கள் ஒருவாறு சமாளித்தார்கள். சாவுக்கு அப்படி ஒரு மாற்று இருக்கவில்லை. பாவமன்னிப்பு வழங்கவும் எண்ணெய் பூசவும் அவர்களால் முடியாது. செபம் சொல்லலாம், உத்தம மனஸ்தாபத்தைக் காதில் ஓதலாம், கூட இருக்கலாம். அவ்வளவுதான். ஒரு தலைமுறை முழுவதும் அப்படியே செத்தது.

மன்னார் மாந்தையிலிருந்த மரியன்னையின் திருச்சுரூபத்தை 1670 அளவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிச் சென்று மடுவில் வைத்தன என்ற மரபும் இந்தக் காலத்துக்குரியது. மடுவின் தொடக்கத்தில் ஆயரும் இல்லை, குருவும் இல்லை. அகதிகள்தான் இருந்தார்கள்.

கழுத்தில் செபமாலையுடன் ஒரு பிச்சைக்காரர்

இந்த வரட்சிக்குள் வந்தவர்தான் இன்று புனிதராக வணங்கப்படும் யோசேவாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவின் பெனவுலிம் கிராமத்தில் பிறந்தவர். கொங்கணி பேசும் குடும்பம். 1676 இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்டு, யோவான் என்ற உதவியாளருடன் 1687 இல் இரகசியமாகக் கரையிறங்கினார். ஐரோப்பியக் குரு என்றால் முகத்திலேயே பிடிபட்டுவிடுவார். இந்தியரான யோசேவாஸ் கூலியாள் போலவும் பிச்சைக்காரர் போலவும் உடுத்தி வந்ததால் காவலரைக் கடக்க முடிந்தது.

அவருக்கு இந்த மண் கொடுத்த முதல் அனுபவம் மரணப்படுக்கைதான். யாழ்ப்பாணத்தில் கடும் வயிற்றோட்டத்தில் விழுந்து சாகும் நிலைக்குப் போனார். நோயைக் கண்டு பயந்தவர்கள் அவரை ஒதுக்குப்புறமான ஒரு குடிலில் விட்டார்கள் என்றும், ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததால் பிழைத்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இலங்கையின் முதற் புனிதர் தன் பணியைத் தொடங்குமுன் அவருக்குப் பணி செய்தவர் அவர்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் யோசேவாஸ் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பின்னர் சில்லாலை அவருடைய மறைவிடமாயிற்று. இரவுகளில் திருப்பலி, பாவசங்கீர்த்தனம், நோயாளிகளைச் சந்தித்தல் என்று வேலை நடந்தது. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் நடத்திய தேடுதலில் கத்தோலிக்கர் பலர் பிடிபட்டார்கள். சிலர் கசையடிக்குள்ளானார்கள். யோசேவாஸ் தப்பி, கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். 1692 இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார்.

1697, கண்டியில் வைசூரி

இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் காலத்தில், 1697 இல், கண்டி நகரை வைசூரி தாக்கியது. அம்மைப்பால் குத்தும் முறையை எட்வர்ட் ஜென்னர் கண்டுபிடிக்க இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இருந்தன. மருந்து இல்லாத நோய். தப்புவதற்கு ஒரே வழி ஓடுவதுதான். மன்னனும் வசதி படைத்தவர்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களை அவர்களுடைய வீட்டாரே கைவிட்டார்கள்.

இதற்கிடையில் சிறையிலிருந்து விடுபட்டு மன்னனின் நன்மதிப்பையும் பெற்றிருந்த யோசேவாஸ் நகரிலேயே தங்கினார். அவருடைய மருமகனும் குருவுமான யோசேப் கர்வாலோ கூட இருந்தார். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் தங்குமிடங்களாக்கி, உணவு கொடுத்து, புண்களைக் கழுவி, இறந்தவர்களைத் தாங்களே குழிதோண்டிப் புதைத்தார்கள். பராமரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர், பௌத்தர்கள். மதம் பார்த்துக் கஞ்சி ஊற்றப்படவில்லை.

இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிட முடியும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. அது தனக்கு அம்மை தொற்றாது என்ற நம்பிக்கையாக இருந்திருக்க முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் நோயில் ஒதுக்கிவைக்கப்பட்டவர் அவர். கடவுளை நம்பியவருக்கு நோய் வராது என்று அவர் எண்ண எந்தக் காரணமும் இல்லை. தொற்றினாலும் செத்தாலும் தான் கடவுளின் கையை விட்டுப் போய்விடமாட்டேன் என்பதே அந்த நம்பிக்கை. அது இருந்தபடியால் மற்றவரைத் தனியே சாகவிடாமல் இருக்க அவரால் முடிந்தது.

1711 ஜனவரி 16 ஆம் திகதி யோசேவாஸ் கண்டியில் இறந்தார். வயது ஐம்பத்தொன்பது. பிறருக்குப் பெற்றுக்கொடுக்க இருபத்து மூன்று ஆண்டுகள் காடு மேடெல்லாம் நடந்த அருட்சாதனங்கள் அவருக்கும் கிடைத்தன. கூட இருந்தவர்களுக்கு அவர் சொல்லிச்சென்ற கடைசி அறிவுரை என்று ஒன்று மரபில் பேணப்படுகிறது. வாழும்போது செய்யத் தவறியதைச் சாகும்போது செய்துவிடுவது எளிதல்ல என்பது அதன் சாரம். மரணப்படுக்கைகளை அவ்வளவு தூரம் அருகிருந்து பார்த்த ஒருவரின் சொல் அது. கடைசி நேரத்து நம்பிக்கை கடைசி நேரத்தில் பிறப்பதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14 இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்கு வந்து போரில் பாதிக்கப்பட்ட மக்களோடு செபித்ததை வடக்கில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் யோசேவாஸ் புதைக்கப்பட்ட இடம் எது என்பது இன்று தெரியாது. கண்டியில் இருந்த அந்தச் சிற்றாலயமும் இல்லை, கல்லறையும் இல்லை.

அழுவதற்கு ஒரு புத்தகம்

யோசேவாசுக்குத் துணையாக 1705 இல் வந்த இன்னொரு கோவைக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் ஏராளமாக எழுதியவர். அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" இயேசுவின் பாடுகளையும் தாய் மரியாளின் துயரையும் புலம்பலாகச் சொல்வது. தவக்காலத்தில் ஊர்மக்கள் கூடி அதை இராகத்தோடு வாசித்து அழுவது நம் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் தலைமுறைகளாக வந்த வழக்கம்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்பது அழாமல் இருப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கம் ஒரு மறுப்பு. விவிலியமும் அந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. திருப்பாடல்களில் ஒப்பாரியும் முறைப்பாடும் நிறைந்த பாடல்கள் ஏராளம். யோபு தன் பிறந்த நாளையே சபிக்கிறார். அவருடைய துன்பத்துக்கு விளக்கம் சொல்லவந்த நண்பர்களையே புத்தகத்தின் முடிவில் கடவுள் கண்டிக்கிறார். மாற்கு நற்செய்தியில் இயேசு சிலுவையில் எழுப்பும் கடைசிக் கேள்வி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கடவுளைப் பார்த்துக் கேட்பது. கைவிடப்பட்டேன் என்று முறையிடுவதற்கும் அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும்.

கல்லறை இல்லாதவர்கள்

இந்த வரலாறு வடக்கில் பழங்கதை ஆகவில்லை. யோசேவாஸ் உறுப்பினராக இருந்த குருக்கள் சபையின் பிதாமகர் புனித பிலிப்பு நேரியார். அவருடைய பெயரிலுள்ள அல்லைப்பிட்டி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது 2006 ஓகஸ்ட் 13 இல் எறிகணைகள் விழுந்து பலர் உயிரிழந்தார்கள். காயமடைந்தவர்களை வெளியே கொண்டுபோகப் பாடுபட்ட பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண், ஒரு வாரம் கழித்து ஓகஸ்ட் 20 இல், தன்னோடு சென்ற ஒருவருடன் காணாமற் போனார். 2009 மே 18 இல், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், சரணடைந்தவர்களோடு இராணுவத்திடம் சென்றார். கூடப் போனவர்களின் உறவினர்கள் அதைச் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பின் அவர்களைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. மக்களை விட்டுப் போகாமல் கடைசிவரை நின்றவர்களுடைய கடைசி நேரம் எப்படி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரில் கத்தோலிக்கரும் உண்டு. அவர்களுக்கு நவம்பர் 2 ஆம் திகதி, மரித்த ஆன்மாக்களின் தினம், ஒரு சங்கடமான நாள். எல்லோரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். இவர்களுக்குப் போவதற்கு ஒரு கல்லறை இல்லை. திருப்பலிக்குப் பெயர் கொடுக்கலாம் என்றால், எந்தக் கருத்துக்கு என்று எழுதவேண்டும். "ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று எழுதினால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலாகிவிடும். எழுதாவிட்டால், ஒருவேளை இறந்திருந்தால் அவனுக்காக யாருமே மன்றாடவில்லை என்ற உறுத்தல்.

இந்த இடத்தில் திருச்சபைச் சட்டத்தின் 901 ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஓர் ஆறுதலை வைத்திருக்கிறது. உயிரோடிருப்பவர், இறந்தவர் என்ற இரு சாராரில் எவருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது அது. ஆகவே பிள்ளையின் பெயரை மட்டும் கொடுத்தாலே போதும். அவன் எங்கே இருக்கிறான் என்பதைக் கடவுளிடம் விட்டுவிடலாம். அரசு கேட்கும் மரணச் சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடவுளிடம் ஒப்படைப்பது என்பது விசாரணையைக் கைவிடுவதாகாது. காலையில் திருப்பலியில் மகனின் பெயரைக் கேட்டுவிட்டு அவனுடைய படத்தோடு போராட்டப் பந்தலுக்குப் போகும் தாயிடம் எந்த முரண்பாடும் இல்லை.

விடுதிக் கதவுக்கு வெளியே

2020 இல் மரணப்படுக்கையின் தனிமை உலகம் முழுவதற்கும் பொதுவானது. இலங்கையில் கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கவேண்டும் என்ற விதி அந்த ஏப்ரலில் வந்தது. முஸ்லிம்களை அது எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தியது என்பதை நாம் அறிவோம். அடக்கம் செய்யும் வழக்கமுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களும் பாதிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1963 இலிருந்தே உடலை எரிக்க அனுமதித்துள்ளது என்றாலும், முகம் பார்க்காமல், செபம் சொல்லாமல், மண் போடாமல் அனுப்பிவைத்த துயரத்தை அந்த அனுமதி தீர்க்கவில்லை.

2020 மார்ச் 20 இல் வத்திக்கான் ஓர் ஆணையை வெளியிட்டது. பூசுதலையும் கடைசி நற்கருணையையும் பெறமுடியாமல் இறப்பவர்களைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என்றும், வாழ்நாளில் ஏதேனும் செபம் சொல்லும் வழக்கம் உள்ளவர்களுக்குச் சாகும் வேளையில் நிறைபேறுபலன் கிடைக்கும் என்றும் அதில் கூறப்பட்டது. ஆணையின் மொழி புதியது. உள்ளடக்கம் 1660 களில் யாழ்ப்பாணத்து மூப்பர் ஒருவர் இருட்டு வீட்டுக்குள் நம்பியதுதான்.

நம்பிக்கை, எதிர்நோக்கு

தமிழ்க் கிறிஸ்தவர்கள் "விசுவாசம்" என்று சொல்லிவந்ததை 1995 இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு "நம்பிக்கை" என்கிறது. முன்பு "நம்பிக்கை" என்று சொல்லப்பட்டதை "எதிர்நோக்கு" என்கிறது. பழகாத காதுக்கு இந்த மாற்றம் குழப்பம் தருவதுண்டு. ஆனால் சாகும் ஒருவரின் அருகே இருந்தவர்களுக்கு இரண்டுக்குமான வேறுபாடு புரியும். ஒருவரை நம்புவது வேறு, ஒன்று நடக்கும் என்று எதிர்பார்ப்பது வேறு. சுகம் கிடைக்கும், போர் நிற்கும், பிள்ளை திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்புகள் பொய்த்துப்போகலாம். அவை பொய்த்த பிறகும் ஒருவர் மேல் வைத்த நம்பிக்கை நிற்குமா என்பதே இந்த வரலாறு முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி. எல்லோரிடமும் அது நிற்கவில்லை. போருக்குப் பின் கோயில் வாசலை மிதிக்காதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நடைமுறையில் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டியவை சில உண்டு. நோய் கடுமையாகும்போதே குருவை அழையுங்கள். பூசுதலைப் பெற்றுக்கொள்பவர் சுயநினைவோடு செபத்தில் கலந்துகொள்வது நல்லது. நோய் மோசமானால் மீண்டும் பெறலாம். சொந்தப் பங்குத்தந்தை இல்லாவிட்டால் எந்தக் குருவையும் அழைக்கலாம். மரண ஆபத்தில் பணியிலிருந்து விலகிய குருகூடப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கடைசி நற்கருணையை அதற்கென நியமிக்கப்பட்ட பொதுநிலைப் பணியாளரும் கொண்டுவரலாம். வைத்தியசாலையில் இருந்தால், அங்கே ஆன்மீகப் பணி செய்யும் குரு யார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். யாருமே வரமுடியாவிட்டால் வீட்டில் உள்ள எவரும் செபத்தைத் தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மருத்துவர்கள் ஒன்று சொல்வதுண்டு. நினைவு தப்பியவர் போலத் தெரிபவருக்கும் காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும், ஆகவே பேசுவதை நிறுத்தாதீர்கள் என்று. காதருகே மூன்று பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்த நம் அம்மம்மாமார் அதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். சுவாமி வரும்வரை, வராவிட்டால் கடைசிவரை, அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.